எந்தக் கூட்டத்துக் காது

என் அப்பா அப்புசாமிக்குக் காது சரியாகக் கேட்காது. போர்வெல் வண்டியில் வாழ்நாள் முழுக்கக் கம்பரசருக்குப் பக்கத்தில் நின்ற மனிதருக்குக் கேட்டால்தான் அதிசயம். புதுச்சத்திரத்தில் வண்டி ஏறி, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கண்ட பாறையிலும் துளை போட்டுவிட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். வந்தால் எங்கள் டிவி சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். திருச்செங்கோட்டைச் சுற்றி ரிக் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு இதே காதுதான். அதைப் பரம்பரை வியாதி என்று யாரும் சொன்னதில்லை. என் அக்கா மகள் தமிழினிக்குக் காது மந்தமானதும் அப்பாவின் காது மட்டும் திடீரென்று பரம்பரையாகிவிட்டது.

அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை, அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். பெயர் சின்னண்ணன், எங்களுக்கு மாமா. மேச்சேரிப் பக்கம் தோட்டமும் ஆட்டுப்பட்டியும் வைத்திருக்கிறார். அவருடைய மகன் மோகன்குமாருக்குத்தான் அக்கா வசந்தாமணியைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமன் மகன் இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழினி நன்றாகத்தான் பேச ஆரம்பித்தாள். மூன்று வயதுக்கு மேல் கூப்பிட்டால் திரும்பவில்லை. பிடிவாதம் என்று முதுகில் இரண்டு வைத்தார்கள். பிறகு பேச்சு குழறத் தொடங்கியது. சேலத்தில் பரிசோதித்தபோது இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருவதாகச் சொல்லிக் கருவி மாட்டிவிட்டார்கள். குழந்தை கருவியோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று மாமா சொன்ன வார்த்தை இது: "செவிடன் ஊட்டுல பொண்ணெடுத்தா செவிடுதான் பொறக்கும்."

கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று அக்காவைப் புதுச்சத்திரத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. மோகன்குமார் மச்சான் போனில் "அப்பா சித்த எறங்கி வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொந்தமான குமாரசாமிப் பெரியப்பா வந்து விஷயத்தை உடைத்தார்.

"நல்லபடியா அத்துவிட்டரலாங்கறாங்க. பையனுக்கு வேற எடம் பாத்தாச்சாட்ட இருக்குது. காது கேக்காதது எங்க பரம்பரைன்னு அப்புசாமி நாலு பேரு முன்னால ஒத்துக்கிட்டாப் போதுமாம். அப்பறம் கோர்ட்டு வேலைய அவங்களே பாத்துக்கறாங்களாம்."

அக்கா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "என்ற மேல குத்தம்னு சொல்லித்தான் அனுப்புவாங்களா" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. புருஷன் வீடு கைவிட்டுப் போவதைவிட, பழுதான சாமான் மாதிரித் திரும்பி வருவது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், சண்முகப்பிரியா. பயோடெக்னாலஜியில் முதுகலை முடித்து, நாமக்கல்லில் கோழி நோய்களைப் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். பண்ணையிலிருந்து வரும் மாதிரிகளில் எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாமா இதற்குக் 'கோழிப்பீ உத்தியோகம்' என்று பெயர் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, எழவு, எங்கே பார்த்தாலும் அப்படித்தான் விசாரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். குமாரசாமிப் பெரியப்பா வந்துபோன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னோடு படித்த தஹ்சீன் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக இருக்கிறாள். போன் செய்தேன். குழந்தையையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மச்சானும் வர வேண்டும் என்றாள். மச்சான் வரவில்லை. "என்ற பையன் ரத்தத்த எவளுக்கும் குடுக்கமாட்டான்" என்று மாமா போனைப் பிடுங்கிச் சொன்னார்.

"பரவாயில்லடி. குழந்தைக்கு எடுத்தாலே அவரைப் பத்திப் பாதி தெரிஞ்சுடும்" என்றாள் தஹ்சீன். "சொந்தத்துல கட்டுறது உங்க வீட்ல மட்டுமில்ல. எங்க வீட்டை எடுத்துக்கோ. அம்மாவும் அத்தாவும் அண்ணன் தங்கச்சி பிள்ளைங்க. உங்காளுங்களாவது கூட்டம் அது இதுன்னு ஒரு சாக்கு வச்சிருக்கீங்க. எங்க ஆளுங்க, சொத்து வெளிய போயிடும்னு நேராவே சொல்லிடுவாங்க."

கூட்டம் என்று அவள் சொன்னது எங்கள் குலப் பிரிவை. ஒரே கூட்டத்தில் பெண் எடுக்கமாட்டோம். ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை முறை. பேச்சுக்குக்கூட அந்தச் சம்பந்தம் எடுக்கக் கூடாது. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட, பத்துவிட்ட சொந்தமாக இருந்தாலும் கூடாது. ஆனால் மாமன் மகன் வேறு கூட்டம். ஆகவே ரத்தம் வேறு. இதுதான் எங்கள் கணக்கு. அப்பன் வழி மட்டும் எண்ணுகிற கணக்கு. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு எதுவுமே வராது என்று நினைக்கிறவர்கள், பிள்ளைக்கு ஒன்று ஆனால் மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள்.

முடிவு வந்தது. தமிழினிக்குப் பிடிபி1 என்ற ஜீனில் மாற்றம். அந்த ஜீனை நான் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்தும் போயிருந்தேன். வளைகுடாப் பக்கம் ஒரு குடும்பத்தில் அது கெட்டுப் பிள்ளைகளுக்குக் காது போனதாக முதலில் எழுதியிருந்தார்கள் என்று தஹ்சீன் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "அது என்ன பண்ற சாமானு?"

ஓரளவு கேட்கும் வலது காதில் வாயை வைத்துக் கத்தினேன். பக்கத்து வீடுகளுக்கும் அன்று பாடம் நடந்திருக்கும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன ஆர்என்ஏக்கள் உண்டு. அவை இல்லாமல் செல்லால் புரதம் கட்ட முடியாது. டிஎன்ஏவைப் பார்த்து அவற்றைப் படியெடுக்க ஓர் எந்திரம் இருக்கிறது. அந்த எந்திரத்துக்குத் தானாக எங்கே நின்று தொடங்குவது என்று தெரியாது. அதைக் கூட்டிவந்து இடத்தில் நிறுத்த மூன்று புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அந்த மூன்றில் ஒன்றுக்கான ஜீன் இது.

அப்பா கண்ணை மூடி யோசித்தார். "அப்ப வண்டியப் பாயிண்டுல நிறுத்தி, ஜாக்கி போட்டு மட்டம் பாக்கறவனாட்ட."

"ஆமாப்பா."

"அவன் சரியில்லீனா கொழாயே எறங்காதே."

தமிழினி உடம்பில் அந்தப் புரதம் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீண்டுகொண்டு போகிறது என்றேன். அதனால் ஏன் காது மட்டும் கெட வேண்டும் என்று கேட்டார். உலகத்தில் இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பிறகு முக்கியமானதைச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் இந்த ஜீன் இரண்டிரண்டு. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது சமாளித்துவிடும், காது கேட்கும். தமிழினிக்கு இரண்டும் கெட்டிருக்கிறது. அதாவது அக்காவும் ஒன்று கொடுத்திருக்கிறாள், மச்சானும் ஒன்று கொடுத்திருக்கிறார்.

"வசந்தாமணிக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"உங்ககிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ. ரெண்டு பேருக்கும் எடுத்துப் பாத்தாத் தெரியும்."

அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஊசி இன்னும் வரவே இல்லை. "வேண்டாஞ் சாமி. எங்கிட்ட இருக்குதுன்னு வந்துட்டா? அவங்க சொல்றாப்புல நானே ஒத்துக்கறேன். செவிடன்னு ஒரு வார்த்தை. தெனமும் கேக்கறதுதான. பாதி எனக்குக் கேக்கறதுகூட இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு எதையாவது போட்டு உடைத்திருப்பேன். அக்கா முந்திக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து முன்னால் இழுத்து வைத்தாள்.

"குடுங்கப்பா. இருக்குதுன்னு வந்தா அப்பறம் ஒத்துக்கங்க. தெரியாமயே எதுக்கு ஒத்துக்கறீங்க?"

கொடுத்தார். அப்பாவின் இரண்டும் சரியாக இருந்தன. அவருடைய காது கம்பரசர் தின்ற காதுதான். அம்மாவுக்கு ஒன்று கெட்டிருந்தது.

அம்மா முத்தாயம்மாள் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள். "அப்ப என்ற ஊட்டுல இருந்து வந்துச்சா?"

"ஆமாம்மா. ஆனா இதுல குத்தம்னு யாரும்…"

"குத்தம்னு நான் கேட்டனா? எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டேன்." கரண்டியைக் கழுவி வைத்தாள். "இத்தன நாளும் ஒங்கப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. எங்கண்ணன் முன்னால ஒக்காரக்கூட மாட்டாரு. அத்துவிடற பேச்சு நடக்கறப்ப நீ அங்க வந்து சொல்லு. என்ற பேரச் சொல்லியே சொல்லு. கூடவே எங்கண்ணன் பேரையுஞ் சேத்துச் சொல்லு."

தஹ்சீனிடம் இதைச் சொன்னபோது, "அங்கே போய் இதை யார் மேலயும் கல்லாத் தூக்கி எறியாதே. இது யார் தப்பும் இல்ல" என்று எச்சரித்தாள். சரி என்றேன். எறியத்தான் செய்தேன்.

பேச்சு மாமாவின் பட்டியில், தகரக் கொட்டாயின் கீழ். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் பொன்னாயி அத்தை. அக்காவின் மாமியார், பேத்திக்குக் கருவி மாட்டிய நாளிலிருந்து வீதியில் தலைகாட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மச்சான் ஒரு கம்பத்தில் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா மடியில் தமிழினி. அப்பா வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

பேச்சுத் தொடங்கும் முன்னால் மாமா எல்லோருக்கும் ஒரு கெடாவைக் காட்டினார். மேச்சேரிச் செம்மறி, நல்ல செம்பழுப்பு, முதுகு பலகை மாதிரி. புதிதாகப் பிடித்து வந்ததாம்.

"பழைய கெடாக்கு என்னாச்சு? அதும் நல்லாத்தான இருந்துச்சு" என்றார் குமாரசாமிப் பெரியப்பா.

"அதோட குட்டிகளே பருவத்துக்கு வந்திருச்சுங்க. விட்டா அதுகளையே சேரும். அப்பறம் பொறக்கறதெல்லாம் நோஞ்சானாப் போயிருமுங்க. அதான் அக்கட்டால பட்டியில குடுத்து மாத்திட்டேன்." பிறகு தொண்டையைக் கனைத்து, "செரி, சமாச்சாரத்துக்கு வருவோம். மாப்பிள்ளை பேசட்டும்" என்று அப்பாவைப் பார்த்தார்.

நான் எழுந்தேன்.

"நீ எதுக்கு அம்மிணி எந்திரிக்கற? கோழிப்பீ பாக்கற எடம்னு நெனச்சயா?"

"கோழிக்கும் ஜீன் இருக்குதுங்க மாமா. நமக்கும் இருக்குது. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சொல்லி முடிக்கும்போது யாரும் சிரிக்கவில்லை. இரண்டிரண்டு, ஒன்று கெட்டால் கேட்கும், இரண்டும் கெட்டால் கேட்காது. அப்பாவுக்கு இரண்டும் நல்லது. அம்மாவுக்கு ஒன்று கெட்டது. தமிழினிக்கு இரண்டும் கெட்டது.

மாமா விடவில்லை. "அந்த ரெண்டும் ஒன்ற அக்காகிட்ட இருந்தே வந்திருக்கும்."

"ஒருத்தர் ஒண்ணுதாங்க மாமா குடுக்க முடியும். ரெண்டையும் குடுக்கறதுக்கு இது பந்தியில்ல. இன்னொண்ணு மச்சான் குடுத்தது."

மச்சான் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்கூட்டம் வேற, ஒங்கப்பன் கூட்டம் வேற" மாமாவின் குரல் உயர்ந்தது. "அந்த ஊட்டு ரத்தம் எங்க பையன் ஒடம்புல எப்படி வரும்?"

"எங்கப்பா ஊட்டு ரத்தமில்லீங்க. உங்க ஊட்டு ரத்தம். நீங்களும் எங்கம்மாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. தாலி ஏறுனதும் எங்கம்மாளுக்குக் கூட்டம் மாறுச்சு. ஒடம்புக்குள்ள இருக்கறதும் அன்னிக்கே மாறிருச்சுங்களா? ஆட்டுக்கு மட்டும் கெடாய மாத்துறீங்களே, அந்தக் குட்டிக எல்லாம் எந்தக் கூட்டமுங்க?"

குமாரசாமிப் பெரியப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ மூடிக்கொள்ளவில்லை.

மாமா அம்மாவைப் பார்த்து, "கேட்டயா முத்தாயி, ஒன்ற மக நம்ம ஊட்டையே செவிட்டு ஊடுங்கறா. நம்மாளுகள்ல எவனுக்காவது காது போயிருக்குதா?" என்றார்.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "நம்ம அப்பன்கூடப் பொறந்த சின்னத்தைக்கு எப்பண்ணா காது கேட்டுச்சு?"

"அது… அதுக்குக் காச்சல் வந்து போச்சு."

"நம்ம ஊட்டுல போனாக் காச்சலு. என்ற ஊட்டுக்காரருக்குப் போனாப் பரம்பரை." அம்மா அவ்வளவுதான் சொன்னாள். அண்ணனை எதிர்த்து அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

வேறு எவருக்கும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தோன்றியிருக்கும். மாமாவுக்குத் தோன்றவில்லை. "செரி, பையன்கிட்ட ஒண்ணு இருக்குதுன்னே வையி. அது எங்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்ற?"

"உங்ககிட்ட இருந்தோ அத்தைகிட்ட இருந்தோ. பாத்தாத்தான் தெரியும்" என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்.

மாமா மெல்லத் திரும்பிப் பொன்னாயி அத்தையைப் பார்த்தார். 'அப்ப இவதானா' என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது.

அத்தை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அது ஆட்டுத்தொட்டியில் போய் முட்டி நின்றது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? இத்தன நாளு மருமக, இன்னிக்கு நானா? நாளைக்கு அந்தக் கெடாயச் சொல்வீங்களா?" என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "எடு அம்மிணி. எங்க குத்தோணுமோ குத்து. இந்த மனுசனுக்கும் எடு. எங்கிட்ட இருக்குதுன்னு வந்தா ஊரெல்லாம் நானே சொல்றேன். இவருகிட்ட இருந்தாலும் ஊரெல்லாம் நானேதான் சொல்வேன்."

இங்கே ஊசி இல்லை, சேலத்துக்கு வர வேண்டும் என்றேன். "வாரேன். நாளைக்கே வாரேன்" என்றார். அக்காவைப் பழித்துக்கொண்டிருந்த வாய், ஒரு பார்வையில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

குமாரசாமிப் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார். "ஏஞ்சாமி வசந்தாமணி, நீ என்ன சொல்ற?"

அக்கா தமிழினியை மடியிலிருந்து இறக்கி நிறுத்தினாள். அவள் பேச எழுந்தபோது, என் மனதில் ஒரே ஒரு வார்த்தைதான்: விட்டுவிட்டு வா. இவர்களில் ஒருவரும் உனக்கு வேண்டாம். அவள் வேறொன்று வைத்திருந்தாள்.

"நான் அத்துவிட வரலீங்க பெரியப்பா. அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போறதுக்கும் வரல. சேலம் அம்மாபேட்டையில மாடி ஊடு ஒண்ணு பாத்து வச்சிருக்கறேன். புள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்கற எடம் பக்கத்துலயே இருக்குது. நானும் அங்கயே தையல் வேலைக்குச் சேந்துக்கறேன். இவரு வாரதுன்னா வரட்டும். வந்தா தெனமும் அவகூட ஒக்காந்து பயிற்சி குடுக்கோணும். வரலீனா, வேற பொண்ணப் பாக்கப் போறப்ப எங்கிட்டயும் கெட்டது ஒண்ணு இருக்குதுன்னு சொல்லிட்டுப் பொண்ணு கேக்கட்டும்."

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் முடிக்கல. எங்கப்பா ஊட்டச் செவிடன் ஊடுன்னு சொன்னீங்க மாமா. அதுக்கு இங்கயே, இத்தன பேரு முன்னால, தப்புன்னு சொல்லோணும்."

மாமா யாராவது தடுப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். மாமா தரையைப் பார்த்து, வாய்க்குள் எதையோ முனகினார்.

அப்பா தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தார். "என்னங்க மச்சான்?"

"தப்புதான்னேன்."

"கேக்கலீங்க. கம்பரசர்ல நின்ன காது. சத்தமாச் சொல்லுங்க."

அப்பா கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கவில்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மாமா நிமிர்ந்தார். பட்டியில் ஆடுகள் மிரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும் அளவுக்குக் கத்தினார்.

"நாஞ் சொன்னது தப்பு மாப்பிள்ளை."

"அப்படிங்களா" என்றார் அப்பா. பிறகு, காலியாக இருந்த ஒரு நாற்காலியை மாமாவுக்கு நேரெதிராக இழுத்துப் போட்டு, அதில் நன்றாகச் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அத்தை சொன்ன சொல் தவறாமல் மாமாவையும் இழுத்துக்கொண்டு சேலத்துக்கு வந்தார். ஊசியைக் கண்டு மாமாதான் வியர்த்தார். அத்தையின் இரண்டும் சரி. மாமாவிடம் ஒன்று கெட்டது. மேச்சேரிச் சந்தையில் ஆடு வாங்க வந்தவர்களுக்குக்கூட இன்று பிடிபி1 தெரியும்; பெயரைத்தான் அத்தை 'பீடி' என்பார். தஹ்சீன் என்னைத் திட்டினாள். திட்டிவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் பரிசோதித்துக்கொள்ள எங்கள் சொந்தத்தில் ஒவ்வொரு ஜோடியாக வருகிறார்கள், அத்தைக்கு மருத்துவமனையில் வேலை கொடுக்கலாம் என்றாள்.

மச்சான் அம்மாபேட்டைக்கு ஒரு பையோடு வந்தார். கீழ்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "எட்டு மணிக்குப் பயிற்சி. மூஞ்சிக்கு நேரா ஒக்காந்து பேசோணும். அதட்டக் கூடாது" என்றாள். அவர் பையைக்கூட வைக்காமல் தரையில் தமிழினிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தறி" என்றார்.

தமிழினி கருவியைச் சரிசெய்துகொண்டு அவர் வாயைப் பார்த்தாள். "தயி" என்றாள்.

"தறி."

"நீங்க சரியாச் சொல்லலப்பா. அம்மா நாக்கை வேற மாதிரி வைப்பாங்க" என்று அவள் குழறிக்கொண்டே திருத்தினாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

எனக்கு அந்த ஆளை இன்னும் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பிடித்திருக்கிறது. ஜெயித்தவள் அவள், யாரை வீட்டுக்குள் விடுவது என்று அவள் முடிவு செய்யட்டும்.